மூச்சை விடு மாப்பிள்ளை

ஏஞ்சாமி, அந்தக் கண்ணாடி முன்னால இன்னும் எவ்வளவு நேரம் நிப்பே? அது என்ன மாரியம்மன் சன்னதியா, நின்னா வரம் கிடைக்கிறதுக்கு? வெளிச்சத்துக்கு வா. திரும்பு. ஒருக்கா கையைத் தூக்கு. போதும் போதும், கீழே விடு. அக்குள் தையல் கத்துறது லீ பஜார் வரைக்கும் கேக்குது.

அருமையான கோட்டு கண்ணு. குத்தமே சொல்ல முடியாது. யாருக்குத் தச்சதோ, அந்த மகராசன் போட்டா ராசா மாதிரி இருப்பான்.

கோவிச்சுக்காதே. பெங்களூருல உக்காந்த எடத்துல இருந்தே போன்ல ஆர்டர் போட்டு, 16,000 ரூவா கட்டி, வீட்டு வாசலுக்கே வரவழைச்சிருக்கே. கெட்டிக்காரன்தான். உங்கம்மா வேற ‘மாப்பிள்ளைக் களை வந்துருச்சு’ன்னு கண்ணு கலங்கி நிக்கிறா. அது சந்தோசத்துல கலங்குச்சா, வெலையைக் கேட்டுக் கலங்குச்சான்னு எனக்கு இன்னும் ரோசனையாத்தான் இருக்குது.

உங்க அப்புச்சி படிக்காதவன்தான். ஆனா 1962ல, 13 வயசுல, இதே செவ்வாய்ப்பேட்டையில ஒரு தையக்கடையில காஜாப் பையனாச் சேர்ந்தவன். மூணு வருசம் ஓட்டையை மட்டும் கட்டிட்டிருந்தேன். அப்புறம் பட்டன், அப்புறம் பேண்டுக்கு மடிப்பு, அப்புறம் சட்டை. கோட்டுத் துணி மேல கத்திரி வெக்கிறதுக்குப் பதினோரு வருசம் ஆச்சு. நீ நாலு வருசத்துல இஞ்சினீர் ஆயிட்டே, அது வேற.

நாப்பது வருசம் கழுத்துல டேப்பைத் தொங்கவிட்டு ஊர்ல பாதிப் பேரை அளந்தவன் நான். தராசுல ஏறச் சொன்னா செருப்பைக் கழட்டுவாங்க, டேப்பைச் சுத்தினா மூச்சை இழுத்துப் புடிப்பாங்க. ஏழை பணக்காரன்னு வித்தியாசமே கிடையாது. ஒரு மண்டி முதலாளி மகன் கல்யாணத்துக்குக் கோட்டு தைக்க வந்தாரு. இடுப்புல டேப்பைப் போட்டதும் வயித்தை உள்ளே இழுத்தாரு பாரு, அது எங்கே போச்சுன்னே தெரியலை. 38 காட்டுது. நான் அவசரப்படலை. “ஏனுங்க, இந்த வருசம் வெல்லம் வரத்து எப்படீங்க?”ன்னு கேட்டேன். வெல்லத்தைப் பத்திக் கேட்டா அவரு சும்மா இருப்பாரா? பேச ஆரம்பிச்சாரு. பேசுறதுக்கு மூச்சு வேணுமே. திருச்செங்கோட்டு வெல்லத்துல இருந்து கரும்பு வெலைக்கு வர்றதுக்குள்ள வயிறு தன் எடத்துக்கு வந்து உக்காந்துருச்சு. 42. எழுதிக்கிட்டேன். ட்ரையலுக்கு வந்து போட்டுப் பார்த்துட்டு, “அந்த 38க்கே எப்படி கச்சிதமாத் தச்சே பாரு”ன்னு முதுகுல தட்டிக் குடுத்துட்டுப் போனாரு.

நீ பண்ணின தப்பு அதே தப்புதான். அவரு டேப்பை ஏமாத்தினாரு, நீ போனை ஏமாத்தியிருக்கே. உள்ளே சீட்டுல என்ன போட்டிருக்கு, படி. 38. காலேஜுல படிக்கிறப்ப நீ 38. அப்புறம் எத்தனை தட்டுவடை செட்டு உள்ளே போயிருக்கு, கணக்கு வெச்சிருக்கியா? நான் வெச்சிருக்கேன், காசு குடுத்தவன் நான்தானே.

முதல்ல அந்த 38னா என்னன்னு தெரிஞ்சுக்கோ. அது கோட்டோட சுத்தளவு இல்லை. போடுறவன் நெஞ்சளவு. அக்குளுக்குக் கீழே, நெஞ்சு நெறைஞ்ச எடத்துல, முதுகுப்பக்கம் டேப்பு எறங்காம, சட்டை மேல வெச்சு எடுக்கணும். கோட்டைக் கீழே விரிச்சு அளந்தா அதைவிட மூணு நாலு இஞ்ச் எச்சாத்தான் வரும். அந்த எச்சுலதான் நீ மூச்சு விடணும், பெரியவங்களைக் கும்பிடணும், மொய்க்கவரை வாங்கிப் பின்னால நிக்கிற மச்சான் கையில குடுக்கணும். இத்தாலிக்காரன் தச்ச கோட்டுல 48, 50ன்னு போட்டிருப்பான், பயந்துராதே. அவன் நெஞ்சுல பாதியை சென்டிமீட்டர்ல எழுதுறவன். நம்ம 40தான் அவனுக்கு 50.

ரெடிமேட் சூட்டுல இன்னொரு கூத்து. கோட்டு 40ன்னா கூட வர்ற பேண்டு பெரும்பாலும் 34. நெஞ்சுக்கும் இடுப்புக்கும் ஆறு இஞ்ச் வித்தியாசம்னு எவனோ சீமைக்காரன் கணக்குப் போட்டு வெச்சிருக்கான். நம்ம பக்கத்து மாப்பிள்ளைகளைப் பாரு. நெஞ்சும் 40, இடுப்பும் 40. நட்டு வெச்ச உரலாட்டம். அந்தச் சூட்டை வாங்கினா கோட்டு சேரும், பேண்டு சேராது. பேண்டுக்குப் பார்த்து வாங்கினா கோட்டுக்குள்ள இன்னொருத்தன் குடி வரலாம். நம்மாளுங்க மட்டும்னு நெனைக்காதே. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு ஊர் திரும்பின பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அவங்க சர்க்காரு ஆளுக்கொரு சூட் குடுத்துச்சு. அளவு தட்டுப்பாடு. கையில வந்ததைப் போட்டுக்கிட்டு நெட்டையன் குட்டைக் கோட்டுலயும் குட்டையன் தொளதொளன்னும் போய், அதை வெச்சே அங்கே நாடகக்காரங்க வருசக்கணக்குல சிரிப்புக் காட்டினாங்க. ஜெயிச்ச பட்டாளத்துக்கே அந்த கதி.

சரி, இப்ப தோளுக்கு வா. கோட்டுல மத்ததெல்லாம் பேரம் பேசலாம், தோள்கிட்டப் பேச முடியாது. அந்தச் சுவத்துப் பக்கம் போய்ப் பக்கவாட்டுல சாஞ்சு நில்லு. முதல்ல சுவத்துல என்ன படுது? உன் கையா, கோட்டோட பஞ்சா? பஞ்சு. அப்படீன்னா தோளு பெருசு. நெஞ்சு இறுக்கம், தோளு பெருசு. முழுசாப் பொருந்தாம இருக்கிறதுக்கு ஒரு கோட்டு இவ்வளவு மெனக்கெட்டு நான் பார்த்ததில்லை. தோள் எலும்பு முடியிற எடத்துல தையல் நிக்கணும். அதைத் தாண்டினா பள்ளிக்கூட நாடகத்து ராசா மாதிரி. உள்ளே வந்தா தம்பி கோட்டை அண்ணன் போட்டாப்புல. தோளை வெட்டிக் குறைக்கணும்னா கையைப் பிரிக்கணும், காலரைப் பிரிக்கணும், உள்ளே இருக்கிற கேன்வாஸை எடுக்கணும். அதுக்குப் புதுசாத் தச்சிரலாம்.

இந்தத் தோளைக் கத்துக்கிறதுக்கு நான் ஒரு அறை வாங்கியிருக்கேன். லீ பஜார்ல மூட்டை தூக்குற ஒருத்தரு, மக கல்யாணத்துக்குக் கோட்டு போட்டே தீருவேன்னு வந்தாரு. அந்த ஆசையை யாரும் சிரிக்கலை, நல்லா ஞாபகம் இருக்கு. நான் அளந்தேன், வெட்டினேன். வெள்ளை நூல்ல ஓட்டி ட்ரையலுக்குப் போட்டா, வலதுபக்கம் கோட்டு சரியுது. காலர் ஒரு பக்கம் பொடனியை ஒட்டுது, மறுபக்கம் ஒரு விரல் போற அளவுக்கு நிக்குது. முன்னால ரெண்டு நுனியும் ஏத்தமும் எறக்கமுமா இருக்கு. துணி மேலதான் தப்புன்னு நெனைச்சேன். எங்க மாஸ்டர் வந்தாரு, கோட்டைப் பார்க்கலை, ஆளைப் பார்த்தாரு. “இருவது வருசமா நூறு கிலோ மூட்டை எந்தத் தோள்ல ஏறுதுன்னு கேட்டியாடா?”ன்னு ஒண்ணு வெச்சாரு. வலது தோளு இடதைவிட முக்கால் இஞ்ச் எறங்கியிருந்துச்சு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரின்னு நெனைச்சு வெட்டினது என் முட்டாள்தனம். மாஸ்டரு வலதுபக்கம் வேற வெட்டு வெட்டி, மெல்லிசாக் கொஞ்சம் பஞ்சு சேர்த்தாரு. கல்யாணத்தன்னிக்கு அவரு மேடையில நிமிந்து நின்னாரு. ஒரு பக்கம் சாஞ்ச ஆளுன்னு ஒருத்தருக்கும் தெரியலை.

அதுல இருந்து வாடிக்கையாளு கடை வாசல்ல ஏறும்போதே பார்த்துருவேன். வெள்ளிப் பட்டறையில கொலுசுக்குப் பத்தவெக்கிறவங்க, குனிஞ்சு குனிஞ்சு முதுகு வளைஞ்சிருக்கும். அவங்களுக்கு முதுகுத் துணி நீளம் கூட்டி, முன்னால குறைச்சு வெட்டணும். சாதாரண வெட்டு வெட்டினா பின்னால கோட்டு தூக்கி நிக்கும், பொடனியில காலர் வாயைப் பொளக்கும். போலீஸ்காரருக்கு நேர் எதிரு. நெஞ்சை நிமித்தியே பழக்கம், முன்னால நீளம் வேணும்.

இப்ப உன் பொடனியைத் தொட்டுப் பாரு. சட்டைக் காலருக்கும் கோட்டுக் காலருக்கும் நடுவுல ரெண்டு விரல் போகுதா? பட்டறைக்காரருக்கு முப்பது வருசத்துல வந்த வளைவு உனக்குக் கம்ப்யூட்டர் முன்னால ஆறே வருசத்துல வந்துருச்சு. வேலை அவ்வளவு வேகம். அவங்களாச்சும் வளைஞ்சதுக்குக் கொலுசைக் காட்டுவாங்க.

அக்குளைப் பத்தியும் ஒரு விசயம் சொல்றேன். சேலம் கோர்ட்டு வக்கீலுங்களுக்குக் கறுப்புக் கோட்டு நெறையத் தச்சிருக்கோம். வெயில் காலத்துல கீழ்கோர்ட்டுல கோட்டு கட்டாயம் இல்லைன்னு பார் கவுன்சில் விதியே இருக்குது. ஆனாலும் சில பேரு சித்திரை வெயில்லயும் கழட்ட மாட்டாங்க, கட்சிக்காரன் ஃபீஸைக் குறைச்சுருவான்னு பயம். அவங்க வந்தா முதல் வார்த்தை, “கையைத் தூக்கிப் பேசணும், அக்குளை நல்லா லூஸா வைப்பா.” சரிங்கன்னு தலையாட்டிட்டு அக்குளைச் சின்னதா, மேலே ஏத்தித்தான் வெட்டுவோம். அக்குள் எவ்வளவு கீழே எறங்குதோ, கையைத் தூக்கும்போது கோட்டு மொத்தமும் அவ்வளவு தூக்கும். மேலே ஒட்டி இருந்தா கை மட்டும் போகும், கோட்டு எடத்துல நிக்கும். கேட்டதுக்கு நேர் எதிராத் தச்சு, கேட்டதை விட நல்லாப் பேரு வாங்கினது அந்த ஒரு எடத்துலதான்.

பட்டனைப் போடு. வயித்துக்கு நேரா எக்ஸ் மாதிரி சுருக்கம் விழுதா? அதுதான் கோட்டு உன்கிட்ட மனு குடுக்குது. பட்டனுக்கும் வயித்துக்கும் நடுவுல உள்ளங்கை படுத்தாப்புல போகணும். முஷ்டி போனா லூசு. உள்ளங்கையே போகலைன்னா உன் கதை. ரெண்டு பட்டன் கோட்டுல மேல் பட்டனை மட்டும்தான் போடணும், கீழ்ப் பட்டன் சும்மா அழகுக்கு. அந்தப் பழக்கத்துக்கு இங்கிலாந்து ராசா ஏழாம் எட்வர்டைக் காரணம் சொல்லுவாங்க. வயிறு பெருத்து, உள்கோட்டுல கடைசிப் பட்டன் மாட்டாம விட்டாராம். அரண்மனையில எல்லாரும் விட்டாங்களாம். ராசாவுக்குத் தொப்பை வந்தா அது ஃபேஷன், எனக்கு வந்தா உங்க அம்மாயி சோத்தைக் குறைக்கிறா.

கையைத் தொங்க விடு. சட்டைக் கை மணிக்கட்டு எலும்பைத் தாண்டி நிக்கணும், அதுல அரை இஞ்ச் தெரியிற மாதிரி கோட்டுக் கை நிக்கணும். பொண்ணு வீட்டுல பிரேஸ்லெட்டு போடுறாங்கன்னு அதைக் காட்ட இன்னும் தூக்கி வெக்காதே. உனக்கு ரெண்டு கையும் விரல் கணு வரைக்கும் வருது. இதைக் குறைக்கலாம், ஏன் தெரியுமா? கை நுனியில நாலு பட்டன் இருக்குதே, அதுக்குப் போட்டிருக்கிற காஜா போலி. வெறும் நூலை ஓட்டியிருக்கான், ஓட்டை கிடையாது. நிஜ காஜா வெட்டியிருந்தா நுனியைத் தொட முடியாது. மூணு வருசம் காஜா கட்டினவன் சொல்றேன், வாழ்க்கையில முதல்தடவையாப் போலி காஜாவைப் பார்த்துச் சந்தோசப்படுறேன்.

நீளத்தைப் பத்தி நான் பேச மாட்டேன், வயசுப் பசங்க ஃபேஷன். கோட்டு சீட்டை மறைக்கணும்ங்கிறது எங்க காலத்துச் சட்டம். உன்னுது பாதி மறைக்குது. மீதிப் பாதிய போட்டோகிராபர் பார்த்துக்குவாரு. பேண்டு கீழே ஷூ மேல ஒரு மடிப்பு லேசா விழுந்தாப் போதும், அக்கார்டியன் மாதிரி மூணு மடிப்பு வேண்டாம். அதை உங்கம்மாவே மடிச்சுத் தச்சிருவா.

‘நமக்கு எதுக்கு இந்தச் சீமைக் கோட்டு அப்புச்சி’ன்னு இப்ப பேச்சை மாத்தாதே. கோட்டு நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. திருச்செங்கோட்டுல பொறந்த டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்து லீட்ஸ் பட்டணத்துக்குப் போய் ஜவுளிப் படிப்பு படிச்சவரு. துணிக்கும் சூட்டுக்கும் பேர்போன ஊரு அது. படிச்சுட்டு வந்து மில்லு வெப்பாருன்னு பார்த்தா, 1935ல இங்கே சேலத்துல மாடர்ன் தியேட்டர்ஸை ஆரம்பிச்சாரு. அந்தக் கம்பெனி 1966ல ‘வல்லவன் ஒருவன்’, 1970ல ‘சி.ஐ.டி. சங்கர்’னு ஜெய்சங்கரை வெச்சுத் துப்பறியும் படம் எடுத்துச்சு. கோட்டும் டையுமா அவரு துப்பாக்கியைப் புடிச்சு நின்னதுல எங்க கடைக்கு ரெண்டு வருசச் சோறு. வர்றவன் எல்லாம் “ஜெய்சங்கர் மாதிரி”ம்பான். ஜெய்சங்கர் ஒல்லி. வந்தவனுங்க அப்படி இல்லை. “தச்சுரலாம் தம்பி, ஆனா துப்பாக்கி வெக்கிற எடத்துல உன் வயிறு இருக்குதே”ன்னு சொல்லிட்டுத்தான் எங்க மாஸ்டர் டேப்பை எடுப்பாரு.

காந்தி கதை தெரியுமா? லண்டனுக்குப் படிக்கப் போனப்ப, பம்பாயில தச்ச உடுப்பு அங்கே எடுபடாதுன்னு நெனைச்சு, பாண்டு ஸ்ட்ரீட்டுல 10 பவுண்டு அழுது ராத்திரி விருந்துக்குன்னு ஒரு சூட்டு தச்சுக்கிட்டாரு. ‘சத்திய சோதனை’யில அவரே ஒத்துக்கிட்டது. அப்பேர்ப்பட்ட மனுசன் 1921 செப்டம்பர்ல மதுரையில எல்லாத்தையும் கழட்டி, இடுப்புத் துணியோட நின்னுட்டாரு. அளவு எடுக்கிற பிரச்சினையே அன்னிக்கோட தீர்ந்துச்சு. உனக்கு அந்த வழி வேண்டாம். ரிசப்ஷன்ல நீ அப்படி வந்து நின்னா பொண்ணு வீட்டுல பஸ்ஸைத் திருப்பிருவாங்க.

காலையில முகூர்த்தத்துக்கு வேட்டிதானே? சேலம் வெண்பட்டு, புவிசார் குறியீடு வாங்கினது. அதுக்கு 38, 40னு சீட்டு இருக்குதா பாரு. நாலு முழம், எட்டு முழம், அவ்வளவுதான். இன்னிக்குக் கட்டினவன் பத்து வருசம் கழிச்சு ரெட்டை நாடியா ஆனாலும் அதே வேட்டி கட்டலாம், மடிப்பு ஒண்ணு குறையும். வேட்டி கட்டினவரை கிளப்புக்குள்ள விடலைன்னு ரகளையாகி, 2014ல சட்டசபையில சட்டமே போட்டாங்க. கோட்டுக்கு அப்படி எந்தச் சட்டமும் வராது. சட்டசபையே கூடினாலும் 42ஐ 38க்குள்ள விட முடியாது.

அன்னிக்கு டெய்லருங்களுக்கு இது தெரியும். அதனாலதான் முதுகு நடுத்தையல்லயும் பேண்டு பின்சீட்டுலயும் ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் துணியை உள்ளே மடிச்சு விட்டுத் தச்சோம். கேன்வாஸையும் லைனிங்கையும் ராத்திரி தண்ணியில ஊற வெச்சு, காய வெச்சு, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கின பொறகுதான் வெட்டினோம். கல்யாணத்துக்கு முன்னால சுருங்கின துணி, கல்யாணத்துக்கு அப்புறம் பெருக்குற மாப்பிள்ளை. ரெண்டுக்கும் எடம் விடணும். உன் கோட்டை ராத்திரி நீ தூங்கினப்புறம் லைனிங்கைப் பிரிச்சுப் பார்த்தேன். மொறைக்காதே, திரும்பத் தச்சு வெச்சுட்டேன், உனக்குத் தெரிஞ்சுதா? முதுகுல அரை இஞ்ச்தான் விட்டிருக்கான் பாவி. அவனுக்கு ஆயிரம் கோட்டுக்கு அரை இஞ்ச் மிச்சம்னா எத்தனை மீட்டர்னு நீதான் இஞ்சினீரு, போட்டுப் பாரு.

அதனால இது ஆல்டருக்கு ஆகாது. திருப்பி அனுப்ப ஏழு நாள் டைமு இருக்குதுன்னு உங்கம்மா சொன்னா. இன்னிக்கு அஞ்சாவது நாளு. அனுப்பிரு. கல்யாணத்துக்கு முப்பத்தி நாலு நாளு கெடக்கு. மூணேகால் மீட்டர் துணி வாங்கு. கறுப்பு வேண்டாம், வக்கீல்னு நெனைச்சு யாராச்சும் கேஸைக் கொண்டு வந்துருவாங்க. கருநீலம் வாங்கு. கனம் கம்மியா இருக்கணும், மண்டபத்து ஏசி மேல எனக்கு நம்பிக்கை இல்லை. வெட்டுறதுக்கு என் கண்ணு ஆகாது. என்கிட்ட காஜாப் பையனா இருந்தவன் ஒருத்தன் இப்ப அக்கட்ட வீதியில கடை வெச்சிருக்கான், அவன் வெட்டட்டும். ஆனா அளவு நான்தான் எடுப்பேன். அவன் உன்னை மாப்பிள்ளைன்னு மரியாதை பார்ப்பான், எனக்கு அந்த வியாதி கிடையாது.

போ, மிஷின் டிராயர்ல டேப்பு இருக்கும், எடுத்துட்டு வா. மஞ்சக் கலரு, முதல் இஞ்ச் தேஞ்சு போயிருக்கும், அதனால ரெண்டாவது இஞ்ச்ல இருந்துதான் நான் எண்ணுவேன், குழம்பாதே. சட்டையை உள்ளே விடு. பாக்கெட்டுல இருந்து போனை எடு, பர்ஸை எடு. நேரா நில்லு, ஆனா பட்டாளத்துக்காரனாட்டம் வேண்டாம். நீ எப்பவும் நிக்கிற மாதிரி, அந்தக் கூனோடயே நில்லு.

இழுத்துப் புடிக்கிறே பாரு! தெரியுது, தெரியுது. சரி, நான் ஒண்ணு கேக்குறேன். பொண்ணு போன்ல பேசுறப்ப என்னன்னு கூப்பிடுறா உன்னை?

ஆங், விட்டுட்டே. நாப்பத்தி ஒண்ணரை. எழுதிக்கோ.

அப்படியே தெருமுனைக்குப் போய் ரெண்டு தட்டுவடை செட்டு கட்டிட்டு வா. காரம் தூக்கலா. ரெண்டும் எனக்கு. உனக்கு முகூர்த்தம் முடிஞ்சுதான்.